கழித்தல் மூன்று

திரையில் தாமதம் என்ற பத்தியில் கழித்தல் மூன்று என்றிருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். தொலைவிலிருந்தபடியே அறுவை சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனைக்கான வேலை அது. வீடியோவைத் துண்டு துண்டாகச் சுமந்துபோகும் ஒவ்வொரு பாக்கெட்டும் இருபது மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். எதை முதலில் விடுவது, எதை வரிசையில் நிறுத்துவது என்று தீர்மானிக்கும் மென்பொருளை மூன்று வாரமாக எழுதி, அழித்து, எழுதிக்கொண்டிருந்தாள். தாமதமானால் கத்தி இடம் மாறிவிடும். ஆனால் இது தாமதமில்லை. அனுப்புவதற்கு முன்பே வந்திருந்தது.

கடிகாரக் கோளாறாக இருக்கும் என்று அனுப்பும் கணினி, வாங்கும் கணினி இரண்டின் நேரத்தையும் ஒன்றாக்கினாள். ஏசியின் ஈர வாடையும், சர்வர்களின் ஓயாத இரைச்சலும், ஆறிப்போன காபியில் படிந்த ஆடையுமாக அந்தச் சாயங்காலம் நகர மாட்டேன் என்றது. உடம்பு அடித்துப்போட்டதுபோல் வலித்தது. எண் இன்னும் கீழே போனது. கழித்தல் நாற்பது. கழித்தல் ஒன்பதாயிரம்.

சோதனைக்காக நான்காம் மாடியில் கேமரா முன் உட்கார்ந்திருந்த சீனியர், திரையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் உடனே போன் போட்டாள்.

"இப்ப கண்ணாடியத் துடைச்சீங்களா அண்ணே?"

"இல்லையேம்மா. அழுக்காவா தெரியுது? இரு, துடைச்சுக்கிறேன்."

போனை வைத்தாள்.

கழித்தல் இரண்டு நிமிடம். திரையில் அவர் கதவுப் பக்கம் திரும்பினார். எழுந்து போனார். கதவு கேமராவுக்குத் தெரியாது. காலி நாற்காலி மட்டும். பிறகு கதவைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வந்தார். நாற்காலியில் இடறி விழுந்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாய் பிளந்திருந்தது. சத்தமில்லை. திரை இருண்டது.

மறுபடி போன் போட்டாள். எங்கேஜ்டு. லிஃப்ட் வரவில்லை. படியேறி ஓடினாள். நான்காம் மாடி. கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

கதவு திறந்தது. அவர்தான். முழுசாக நின்றார்.

"என்னம்மா, இப்படி மூச்சு வாங்குது?"

வந்த நிம்மதியில் அவள் கதவு நிலையில் சாய்ந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே. இன்னும் மேலே. மெல்ல, மிக மெல்ல, அவர் கழுத்து அண்ணாந்துகொண்டே போனது.