உள்ளே போன மூச்சு

பெடலில் இருந்து காலை எடுத்தால் குரல் நிற்க வேண்டும். மேசைக்கு அடியில் இருக்கும் பெடலை மிதித்தால் ஹெட்செட்டில் அமெரிக்க டாக்டர் நோயாளியைப் பற்றிப் பேசுவார், காலைத் தூக்கினால் வாயை மூடிக்கொள்வார். அவர் பேசுவதைக் கேட்டு டைப் அடிப்பதுதான் கிருத்திகாவின் வேலை. அன்று மத்தியானம் திரை மறுபடியும் நீலமாகி உறைந்ததும் அவள் காலைத் தூக்கிவிட்டாள். ஆனாலும் காதுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது.

பேச்சு இல்லை. யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை. திக்கித் திக்கி, மேலும் மேலும் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அடித்ததெல்லாம் போயிருந்தது.

வெளியே அல்சூர் ஏரி தெரியாதபடி மழை கொட்டியது. ஏ.சி.க்காகச் சாத்திய ஜன்னல்களுக்குள் ஈரச் செருப்பும் பழைய கார்ப்பெட்டும் சேர்ந்து நாறின. வரிசை வரிசையாக எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் அலறினாலும் கேட்காத கூடம் அது.

பின்னால் வந்து நின்ற சூப்பர்வைசர் பார்கவி அவள் தோளைத் தட்டினாள்.

"நேத்தும் இதே கதைதான் சொன்னே கிருத்திகா. இன்னிக்கும் ஃபைல் போகலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாளையிலேருந்து வர வேணாம்னுடுவாங்க."

"மெஷின் படுத்துக்குது மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

"அதை மேலே இருக்கறவங்ககிட்ட சொல்ல முடியுமா?"

அண்ணனிடம் சண்டை போட்டு அம்மாவைத் திருப்பத்தூரிலிருந்து கூட்டி வந்து, மர்பி டவுனில் ஒற்றை அறை பிடித்திருந்தாள். இந்த வேலை போனால் அதே அண்ணன் வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்குச் செத்துப் போகலாம் என்று அம்மா சொல்வாள். சும்மா சொல்லமாட்டாள்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டென்சில் வந்து உட்கார்ந்து எதையெதையோ திறந்து பார்த்தார்.

"சவுண்ட் கார்டோட டிரைவர் சரியில்ல. கார்டு சொல்றதை மெஷினுக்குப் புரியவைக்கிற சாஃப்ட்வேர் அது. அது உளறுச்சுன்னா மெஷின் நின்னுடும். அந்த நேரத்துல வந்த சத்தம் மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்பக் கேக்கும். அவ்ளோதான்மா."

"ஃபைல் மாத்தி மாத்திப் போட்டேன் சார். எல்லாத்துலயும் அதே மூச்சு எப்படி வரும்?"

"எல்லா டாக்டரும் மூச்சு விடறவன்தானே?" டென்சில் சிரித்தார்.

"விடறதில்ல சார். இழுக்கறது மட்டும்தான்."

அவர் அந்த டிரைவரையே எடுத்துவிட்டு மறுபடி போட்டார். கிருத்திகா உட்கார்ந்து பெடலை மிதித்தாள். இரண்டு பத்தி ஒழுங்காக ஓடியது. அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு நீலம்.

இந்த முறை மூச்சு நீளமாக இருந்தது. தொண்டையில் ஈரம் ஒட்டிய சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் தன் விலா எலும்புகள் வலிப்பது தெரிந்தது. அவளும் இழுத்துக்கொண்டிருந்தாள். விட நினைத்தாள், முடியவில்லை. கண் இருட்டியது. கை தடவித் தடவி ஸ்விட்சைத் தேடி அழுத்தியது. மெஷின் செத்ததும் மூச்சு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

அதை டென்சிலிடம் சொல்ல வாய் திறந்தாள். தூரத்திலிருந்து பார்கவி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எப்படியாவது நிக்காம ஓட வச்சுக் குடுங்க சார்," என்றாள் கிருத்திகா. "உங்க காலைப் பிடிக்கறேன்."

"ஐயோ, அழாதேம்மா. புது டிரைவர் ஒண்ணு இருக்கு, போடறேன்."

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டும்போது டென்சில் வேலையை முடித்திருந்தார்.

"இனிமே நிக்கவே நிக்காது. எதுக்கு வம்புன்னு நெட்வொர்க்ல எல்லா மெஷினுக்கும் இதையே போட்டுட்டேன்."

அவளுடைய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தார். திரை நீலமாகவில்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பெடலிலிருந்து காலை எடுத்தார்.

விரல் உயர்ந்தபடியே இருந்தது. சிரிப்பும் அப்படியே. தோள்கள் மட்டும் மெல்ல மேலே ஏறின. கொஞ்சம் நின்றன. இன்னும் கொஞ்சம் ஏறின.

"சார்?"

ஹெட்செட்டைப் பிடுங்கினாள். தோள் இறங்கவில்லை. ஸ்விட்சை அழுத்தினாள். ப்ளக்கை இழுத்தாள். திரை கறுத்தது. தோள் இறங்கவில்லை. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கண்கள் அவளையே பார்த்தன.

"மேடம்! மேடம், ஓடி வாங்க!"

தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டபோதுதான் உறைத்தது. கூடத்தில் தட்டும் சத்தம் நின்றிருந்தது.

திரும்பினாள்.

எந்தத் திரையும் நீலமாக இல்லை. ஒவ்வொன்றும் பளிச்சென்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவற்றின் முன்னால் வரிசை வரிசையாக முதுகுகள் நிமிர்ந்திருந்தன. கோடியில் ஹெட்செட்டோடு பார்கவி. வாய் பாதி திறந்தபடி.

யாரும் மூச்சை விடவில்லை.

எல்லாத் தோள்களும், ஒரே நேரத்தில், இன்னும் ஒரு நூல் உயர்ந்தன.