அபிதா மிதித்த கிளட்ச்

மார்க்கையன்கோட்டைக்குக் குடிவந்து ஒரு மாதமாகியும் அபிதாவுக்கு ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. கோடை விடுமுறை வேறு. அப்பா கேரளாவில், ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தார். அம்மா காலையில் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் மாலையில்தான் வருவார். தாயக்கட்டையை இரண்டு பேருக்குமாக அவளே உருட்டினாள். ஜெயித்தும் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் "டமார்" என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

சுந்தர்ராஜ் மாமா பழைய காரின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். யாரோடும் அதிகம் பேசாதவர். கிளட்ச் மிதிக்கு முட்டுக்கொடுத்த கம்பு நழுவி விழுந்து கிடந்தது.

"என்ன மாமா ஆச்சு?"

"கிளட்ச்சுக்குள்ள காத்து புகுந்திருச்சு. மிதிச்சா பொசுக்குனு உள்ள போகுது, கியர் விழ மாட்டேங்குது. ஒருத்தர் மேல மிதிக்கணும், ஒருத்தர் அடியில நட்டைத் திறந்து காத்தை வெளியேத்தணும். நான் ஒத்த ஆளு."

"அவசரமா போகணுமா?"

"தேனி ஹாஸ்டல்ல என் மக மகிமா காத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு இன்னிக்குத்தான் லீவு விடுறாக. பஸ்ஸும் ஓடல. மத்த பிள்ளைக எல்லாம் போயிருக்கும்."

வெறும் வராந்தாவில் பெட்டியோடு தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை அபிதா நினைத்துப் பார்த்தாள்.

"நான் மிதிக்கிறேன் மாமா."

"கால் எட்டாதும்மா."

அபிதா வீட்டுக்குள் ஓடினாள். இரண்டு தலையணைகளோடு வந்து, அவற்றை முதுகுக்குக் கொடுத்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கால் எட்டியது!

"மிதி! நான் சொல்ற வரை காலை எடுக்காத!" என்றபடி மாமா காருக்கு அடியில் புகுந்தார்.

நட்டில் மாட்டிய குழாய் வழியாக ஆயிலும் குமிழிகளும் பாட்டிலுக்குள் வந்தன. நட்டை மூடியதும், "விடு!" என்றார்.

மிதி, விடு. மிதி, விடு. அபிதாவின் கால் கடுத்தது. குமிழிகள் முதலில் குறைந்தன. பிறகு திடீரென்று அதிகமாயின.

"இது என்னடா கூத்து!" மாமா சலித்துக்கொண்டார்.

"மாமா, ஆயில் தீர்ந்துபோச்சோ? இளநி தீர்ந்தா ஸ்ட்ராவுல காத்துதானே வரும்?"

மாமா வெளியே வந்து பானெட்டைத் திறந்தார். கிளட்ச் ஆயில் டப்பா காலி!

"அடடா, பதட்டத்துல இதைப் பாக்காம விட்டேனே!"

டப்பாவை நிரப்பிவிட்டு மறுபடியும் தொடங்கினார்கள். பத்தாவது தடவை மிதித்தபோது, கிளட்ச் அபிதாவின் காலை எதிர்த்துத் தள்ளியது.

"கெட்டியா இருக்கு மாமா!"

கியர் விழுந்தது. மாமா தலையணைகளைத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, காரை விரட்டிக்கொண்டு போனார்.

தெரு மறுபடி அமைதியானது. தாயம் உருட்ட அபிதாவுக்கு மனமில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினாள். பால் வண்டி, டிராக்டர், மறுபடியும் டிராக்டர்.

வெயில் தாழ்ந்தபோது கார் வந்து நின்றது. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி குதித்து இறங்கினாள். பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

"அப்பா, கிளட்ச் மிதிச்ச புள்ளைக்கு எந்த வீடு?"

"இந்த வீடுதான்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் அபிதா.