ஒன்பதாவது கார்டு

அக்னி நட்சத்திரம் பிறந்து ஒன்பதாம் நாள், மத்தியானம் இரண்டரை மணிக்கு, பரண் மேலிருக்கும் கம்பளியை எடுத்துத் தரச் சொன்னாள் ஜெமி.

மேல்விஷாரத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. அந்த நேரத்துக்கு நாய்கூடத் தெருவைக் கடக்காது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் சுவரைத் தொட்டால் கை சுடும், குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் வரும், ஜன்னலைத் திறந்தால் காற்றுக்குப் பதில் பக்கத்து டேனரியின் பச்சைத்தோல் நாற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த லட்சணத்தில் கம்பளி. பிரேம்நாத் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தான்.

“ஜொரமா?”

“இல்லங்க. கை காலெல்லாம் மரத்த மாதிரி கீது. கொஞ்ச நேரம் போத்திக்கினா சரியாய்டும்.”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. பயப்பட வேண்டிய இடத்தில் அவன் பயப்படவில்லை. அவனுக்கே நான்கு நாட்களாக வியர்க்கவில்லை. முன்னறையில் ஓடும் கம்ப்யூட்டர் கார்டுகளின் சூடு குறைந்ததால் வீடு குளிர்ந்துவிட்டது என்று அவனாகவே ஒரு காரணம் சொல்லி மனசைத் தேற்றி வைத்திருந்தான்.

பதினோரு வருஷம் வேறொரு டேனரியில், தோலைப் போட்டுச் சுற்றும் டிரம் பகுதிக்கு எலக்ட்ரீஷியனாக இருந்தவன். டேனரி மூடியபோது கைக்கு வந்த பணத்தில் சென்னைக்குப் போய் ஆறு பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளை வாங்கிவந்து, இரும்புச் சட்டத்தில் வரிசையாக முடுக்கி, முன்னறையில் கிரிப்டோ மைனிங் போட்டான். அவை இரவு பகலாகக் கணக்குப் போடும். போட்ட கணக்குக்குக் கூலியாக ஏதோ ஒரு நாணயத்தின் துணுக்கு வந்து சேரும். கண்ணால் பார்க்க முடியாத நாணயம். ஜெமியின் அண்ணன் இதைச் சூதாட்டம் என்றான், பிரேம்நாத் உழைப்பு என்றான். உழைப்பது யார் என்பதை இருவரும் பேசவில்லை.

போன வாரம் வீட்டுக்காரர் அப்துல் வஹீத் பாய் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

“இன்னா தம்பி, மீட்டரு இந்த ஓட்டம் ஓடுது? வயரெல்லாம் பழசுபா. கம்மி பண்ணிக்கோ. இல்லேன்னா எடுத்துட்டுப் போய்டு. எனக்கு ஒரே பேஜாரா இருக்கு.”

அதற்கு வழி இருந்தது. ஒவ்வொரு கார்டும் எத்தனை சதவீதம் கரண்ட் இழுக்கலாம் என்று மென்பொருளில் ஒரு வரம்பு வைக்கலாம். நூறிலிருந்து எண்பதுக்கு இறக்கினால் கரண்ட் நன்றாகக் குறையும், வேகம் பேருக்குத்தான் குறையும். அதற்கும் கீழே போனால் வேகம் படுத்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பிரேம்நாத் எண்பது வைத்தான். எதிர்பார்த்ததுதான் நடந்தது. துணிந்து எழுபது வைத்தான். வேகம் குறையவில்லை. அறுபது வைத்தான். கூடியது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில்தான்.

அந்த எழுபது வைத்த நாளில்தான் திரையில் ஆறு வரிசைக்குக் கீழே இன்னும் இரண்டு வரிசைகள் வந்தன. ஏழு, எட்டு. கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வெப்பம் இரண்டுக்கும் முப்பத்தேழு. ஏழாவது தொண்ணூற்றெட்டு வாட், எட்டாவது எண்பத்தொன்று. சட்டத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஆறே கார்டுதான். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற ஜெமி, லீவில் வீட்டில் இருந்தவள், திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“தொண்ணூத்தெட்டு வாட்டா? ஒரு ஆளு சும்மா உக்காந்துகினு இருந்தாலே அவ்ளோ சூடு வெளிய வருங்க. பசங்களுக்கு நடத்துவேன்.”

மென்பொருள் கோளாறு என்று விட்டுவிட்டான். மறுநாள் அறுபதுக்கு இறக்கும்போதும் வரிசை வரிசையாகப் பார்க்கவில்லை. ‘அனைத்துக்கும்’ என்ற ஒரே பொத்தான். அது டேனரிப் பழக்கம். ஒரு லாட்டுத் தோலை நான்கு டிரம்மில் போட்டால் நான்கும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றி வைத்தால் சாயம் வேறாகி லாட்டு முழுக்கத் திரும்பி வரும். தனித்தனியாக வைக்கிறவனை மேஸ்திரி கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார். பதினோரு வருஷம் ஊறிய கை எட்டுக்கும் சேர்த்து அறுபது என்று அழுத்தியது.

கம்பளியைக் கொடுத்துவிட்டு வந்து திரைமுன் உட்கார்ந்தான். ஏழு, முப்பத்தைந்து டிகிரி. எட்டு, முப்பத்துநான்கு. அதற்குக் கீழே, இன்று காலைவரை இல்லாத ஒன்பது. ஒரே ஒரு வாட்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. ஜெமியின் செருப்பு தரையில் இழுபட்டுக் கதவைத் தாண்டி மாடிப்படி பக்கம் போனது. காய்ந்த துணிகளை எடுக்கப் போகிறாள். முதல் படியில் அவள் கால் வைத்த சத்தமும் எட்டாவது வரிசையில் நாற்பத்தொன்பது வாட் அறுபதானதும் ஒன்றாக நடந்தன. அடுத்த படி. எழுபது. அடுத்த படி. எண்பத்திரண்டு. பதினான்கு படியும் ஏறி அவள் மூச்சு வாங்க நின்றாள், எண் நின்றது. உட்கார்ந்தாள் போலிருக்கிறது. மெல்ல இறங்கியது.

பிரேம்நாத் எழுந்து நின்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போட்டதுபோலத் தோப்புக்கரணம் போட்டான். ஏழாவது வரிசை ஏறியது. நின்றான். இறங்கியது.

ஏழு அவன். எட்டு அவள்.

துணியோடு ஜெமி இறங்கி வந்தாள்.

“ஜெமி, எங்கிட்ட எதாவது சொல்லாம வெச்சிருக்கியா?”

துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு வெகுநேரம் மடித்தாள். “தள்ளிப்போய் அம்பத்தோரு நாளாச்சுங்க. முன்ன ரெண்டு வாட்டியும் சொன்ன கையோட போய்டுச்சு. அதான் மூணு மாசம் முடியட்டும்னு…”

அவனுக்கு அழுகை வந்தது. அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். பாதி அதுதான்.

“கெளம்பு. திமிரிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போலாம். இப்பவே.”

ஏன் என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கும் படிக்கட்டுக் கதவுவரை வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிரேம்நாத் திரும்பித் திரையைப் பார்த்தான். ஒன்பதில் பூஜ்யம். அவளைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தான். ஒன்பதில் மறுபடி ஒன்று வந்தது.

மெயின் சுவிட்சை இறக்கினான். தலைக்குமேல் மின்விசிறி ஓய்ந்தது. பிரிட்ஜ் ஓய்ந்தது. வீடு முழுக்க அமைதி, அந்த அமைதிக்கு நடுவில் கார்டுகளின் விசிறி மட்டும் சீராக, கொஞ்சமும் தளராமல். கார்டுகளின் பிளக்கையும் பிடுங்கினான். ஓடியது. திரையில் வேகம் அப்படியே இருந்தது; இழுப்பது சுவரிலிருந்து அல்ல. மறுபடி மெயினைப் போட்டான்.

எட்டையும் ஒன்பதையும் நூறுக்கு ஏற்றினான். தாமே அறுபதுக்குத் திரும்பின. ஏற்றினான். திரும்பின. மசூதியில் பாங்கு சொன்னார்கள், தெருவில் ஆட்டோக்கள் கிளம்பின, உள்ளே கம்பளிக்கடியில் ஜெமியின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

லோடு தாங்கவில்லை என்றால் ஒன்றை அணைத்து இன்னொன்றைப் போடுவதை எலக்ட்ரீஷியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஏழாவதை மட்டும் தனியாகப் பிடித்து ஐம்பதுக்கு இறக்கினான். எட்டும் ஒன்பதும் தாமாகவே எழுபதுக்கு ஏறின.

எப்பேர்ப்பட்ட நிம்மதி! வாய்விட்டு, “தோத்திரம் ஆண்டவரே” என்றான்.

நாற்பது. விரல் நுனிகள் தெரியவில்லை. மவுஸைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவை எண்பது.

முப்பது. பதினோரு வருஷமாக மூக்கில் இருந்த தோல் நாற்றம் போய்விட்டது. நாக்கைக் கடித்துப் பார்த்தான். ரத்தம் வந்தது, ருசி வரவில்லை. அவை தொண்ணூறு.

இருபது.

எட்டு, நூறு. ஒன்பது, நூறு. வெப்பம் முப்பத்தேழு, முப்பத்தேழு.

“ஏங்க,” உள்ளிருந்து ஜெமியின் குரல். தெளிந்த குரல். “கம்பளி வேணாங்க இப்ப. வேர்க்குது.”

கேட்டான். நல்ல செய்தி என்று தெரிந்தது. ஒரு ஊரின் பெயர் தெரிவதுபோலத் தெரிந்தது. நெஞ்சில் எதுவும் அசையவில்லை. பயம் இருந்த இடத்தைத் தேடினான். அங்கே பயம் இல்லை. அவளை எதற்காக அவ்வளவு அவசரமாக உள்ளே கொண்டுவந்தோம் என்று யோசித்தான். காரணம் நினைவிருந்தது. அது ஏன் காரணம் என்று தெரியவில்லை.

திரையில் மொத்த வேகம் இறங்கியிருந்தது. கரண்ட் ஏறியிருந்தது.

எட்டு ஜாஸ்தி இழுக்கிறது. நூறு எதற்கு?

ஜெமி வந்தாள். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு முகம் தெளிந்து, அவன் பின்னால் நின்று தோளில் கை வைத்தாள். கை வைத்திருப்பதைத் திரையின் பளபளப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

“இன்னா பண்றீங்க?”

“கரண்ட்டு கம்மி பண்றேன்.”

எண்பது. அறுபது.

“குளுருதுங்க.”

நாற்பது. வேகம் ஏறியது.

“ஏங்க… வயித்துல என்னமோ…”

திரையின் பளபளப்பில் அவள் இரண்டாக மடிந்து இறங்குவது தெரிந்தது. அந்தக் கை கடைசிவரை அவன் சட்டையைப் பற்றியிருந்தது. இருபது. எட்டு சீராக ஓடியது, ஒரு குறையும் இல்லை. பிரேம்நாத் அம்புக்குறியை ஒன்பதாவது வரிசைக்கு இறக்கினான்.