தைப்பூசத்தன்று வந்த மெசேஜ்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான் மலாக்காவில் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். வழக்கம்போல பஞ்ச் கார்டு அடித்தேன். வழக்கம்போல வாசல் காவலாளி தலையாட்டினான். வீராசாமி செத்து நான்கே நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் எல்லாம் வழக்கம்போல ஆகிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

என் பெயர் பவானேஸ்வரி. அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக டெலிபோன் ஆப்பரேட்டர். என் அறை ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. ஒரு பக்கம் டெலிபோன் பெட்டி, இன்னொரு பக்கம் தொண்ணூற்றாறில் பினாங்கு ஹெட் ஆபிஸ் வாங்கி அனுப்பிய வாய்ஸ்மெயில் கம்ப்யூட்டர். கூடவே தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகம். "படிச்சு நீயே செட் பண்ணு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு ஆபிசருக்கும் ஒரு பெட்டி எண். ஆள் இல்லாதபோது கூப்பிடுகிறவர் பேசுவது அந்தப் பெட்டியில் பதியும், அவருடைய போனில் சிவப்பு விளக்கு எரியும். அவசரம் என்று அழுத்தினால் கம்ப்யூட்டரே வெளியே டயல் செய்து அவருடைய பேஜரை அடிக்கும். எந்தெந்த நாள் அடிக்க வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எந்த நாள் விடுமுறை, இந்த அட்டவணையைப் போட வேண்டியவள் நான்.

போட்டேன். விடுமுறை நாட்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடிக்கச் சோம்பல். பினாங்கு டிஸ்கில் இருந்த பட்டியலை அப்படியே ஏற்றினேன். பினாங்கில் தைப்பூசத்துக்கு லீவு. மலாக்காவில் கிடையாது. மலாக்காவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று வருஷா வருஷம் கேன்டீனில் கத்துகிறவள் நான்தான். என் வாயில் அடுப்புச் சாம்பலைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

தொண்ணூற்றேழு ஜனவரி இருபத்துமூன்று, தைப்பூசம். தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அன்றைக்கு லீவு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

வீராசாமி பால் டேங்க் கழுவும் கும்பலுக்குத் தலைவர். ரப்பர் பால் தேங்கிய டேங்குக்குள் விஷக்காற்று நிற்கும். புளோவர் ஓடி அதை வெளியே தள்ளினால்தான் மனிதன் இறங்கலாம். அன்றைக்குப் புளோவர் ஓடவில்லை. பத்து இருபதுக்கு அவர் மேனேஜர் திவாகரின் பெட்டிக்கு, 214க்கு, அவசர மெசேஜ் போட்டார். திவாகர் கிளேபாங்கில் கடலோரக் கடையில் மீன் தின்றுகொண்டிருந்தான். அவன் தொழிலாளிகளுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தான்: "மெசேஜ் போடு, பத்து நிமிஷம் பாரு. நான் திருப்பி அடிக்கலன்னா ஓகேன்னு அர்த்தம் லா. வேலையப் பாரு."

பேஜர் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் ஆனது. வீராசாமி இறங்கினார்.

அன்று மத்தியானமே திவாகர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"பவானி, என் பெட்டியில ஒரு மெசேஜ் இருக்கு. நீங்களே டெலிட் பண்ணிருங்க."

"என்ன மெசேஜ் சார்?"

"ஒன்னும் இல்ல லா. பழசு."

அவன் போனதும் கேட்டேன். பழசு இல்லை. கேட்டு முடித்துவிட்டு அழித்தேன். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னான், நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள அழித்தேன். பேஜர் ஏன் அடிக்கவில்லை என்று யாராவது தோண்டினால் நேரே என் மடியில்தான் வந்து விழும். பினாங்குப் பட்டியல் விஷயம் அவனுக்குக்கூடத் தெரியாது. சத்தமில்லாமல் அட்டவணையைத் திருத்தி வைத்தேன்.

சாயங்காலம் நோட்டீஸ் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது. வீராசாமி குடித்திருந்தாராம். யாருக்கும் சொல்லாமல் இறங்கினாராம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஆபிஸ் வரிசையில் திவாகரின் மேஜையைத் தாண்டிப் போனபோது அவனுடைய போனில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் அறைக்குப் போய் 214ஐத் திறந்தேன். ஒரு புது மெசேஜ். தேதி இருபத்துமூன்று, நேரம் பத்து இருபது. அழித்தேன். பெட்டி காலி என்றது திரை. எட்டிப் பார்த்தேன். விளக்கு அணையவில்லை.

பத்து மணி தாண்டியதும் அறைக்குள் ரப்பர் பாலில் கலக்கும் அம்மோனியாவின் நாற்றம் ஏறியது. பதினோரு வருஷம் அந்த நாற்றத்தில் பிழைத்தவள், எனக்கு அது புதிதில்லை. ஆனால் டேங்குகள் அந்தக் கோடியில், என் அறை இந்தக் கோடியில், கதவும் சாத்தியிருந்தது. மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கு வந்து, தொண்டையை இறுக்கியது. ஏர்கோன் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒரு சத்தம். யாரோ ரப்பர் பூட்ஸோடு நின்று காலை மாற்றி வைப்பதுபோல இருந்தது.

பத்து இருபது.

கம்ப்யூட்டர் தானாக ஒரு லைனை எடுத்தது.

ஒவ்வொரு எண்ணாக, அவசரமே இல்லாமல், டயல் செய்தது.

திவாகரின் பேஜர் எண் இல்லை அது. நான் 214இன் அட்டவணையைத் திறந்தேன். நான் போடாத ஒரு வரி அங்கே இருந்தது. நாட்கள்: எல்லாம். விடுமுறை: சேர்த்து. மறுபடி அடிப்பது: பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. நிறுத்தும் நேரம் என்ற இடம் காலி. அந்த இடத்தைக் காலியாக விட அந்தக் கம்ப்யூட்டர் விடவே விடாது. நானே எத்தனையோ முறை முயன்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த வரியை அழித்தேன். திரும்ப வந்தது. அழித்தேன். வந்தது. கோபம் தலைக்கேறி, "செத்தவனுக்கு இங்க என்னய்யா வேலை?" என்று கத்தியேவிட்டு பவர் வயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. மின்விசிறி நின்றது.

பத்து முப்பதுக்கு, கறுத்த பெட்டிக்குள்ளிருந்து டயல் சத்தம் கேட்டது.

புதன்கிழமை வீராசாமியின் மனைவி குஞ்சம்மா வந்தார், கணவருடைய சாமான்களை வாங்கிப் போக. காவலாளி அவரை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தான். நான் போய் அவனை நாலு வாங்கு வாங்கிவிட்டு உள்ளே அழைத்து வந்தேன்.

"தங்கச்சி, நீங்கதானே இங்க போன் பாக்குறது?"

"ஆமாக்கா."

"எங்க ரப்பர் தோட்டத்துல மஜீது பாய் மளிகைக் கடைக்கு இங்கேருந்து போன் வருது. தெனமும் பத்து மணிக்கு மேல. அவரு ஓடியாந்து கூப்புடுறாரு. எடுத்தா மொதல்ல ஒரு வெள்ளைக்காரி கொரலு என்னமோ சொல்லுது. அப்புறம் மூச்சு."

"மூச்சா?"

"எம்புருசன் மூச்சு. இருவத்திரெண்டு வருசம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா?"

"லைன் கோளாறுக்கா," என்றேன்.

அவர் பொங்கினார். "மால போட்ருந்த மனுசன் தங்கச்சி! நாப்பத்தெட்டு நாளு வெரதம். அன்னிக்குச் சாயங்காலம் பால்கொடம் எடுக்க வேண்டியவரு. அவரப் போயி குடிச்சான்னு எழுதிருக்கானுங்களே, எழுதுன கை வெளங்குமா? எம்மவ பள்ளிக்கூடத்துல தலநிமிர முடியல. காசு வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அவரு குடிக்கலன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

பூட்ஸையும் சட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன். பஸ் நிறுத்தம் வரை அவர் புலம்பிக்கொண்டே போனது கேட்டது. அன்றைக்கு என்னை நான் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த புதன்கிழமை விசாரணை. அரசாங்க இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பெரியவர் ராமையா, தமிழர். மீட்டிங் அறையில் நீளமான மேஜை, நடுவில் ஸ்பீக்கர் வைத்த போன். போன் கால் ரெக்கார்டு காட்டுவதற்காக என்னையும் உட்கார வைத்தார்கள். திவாகர் டை கட்டி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்கு வந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு யாரும் சொல்லல சார். நோ கால், நோ மெசேஜ். அந்த ஆளு கொஞ்சம் குடிக்கிற டைப்பு. என்ன செய்றது, நம்ம ஆளுங்க அப்படித்தான்."

நம்ம ஆளுங்களாம்! எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றியது.

நாற்றம் வந்தது.

திவாகர் மூக்கைத் தேய்த்தான். அவனுடைய இடுப்பில் பேஜர் அடித்தது. நிறுத்தினான். மறுபடி அடித்தது. பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

மறுபடி அடித்தது.

யாரும் தொடாத ஸ்பீக்கர் போனில் சிவப்பு விளக்கு எரிந்தது. யாரோ எனக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், கஷ்டப்பட்டு மூச்சை இழுத்தார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"சார், மெசேஜ் இருக்கு," என்றேன் ராமையாவிடம். "இவருதான் அழிக்கச் சொன்னாரு. நான்தான் அழிச்சேன். ஆனா இருக்கு."

"பவானி! பைத்தியமா?" திவாகர் எழுந்தான்.

"உக்காருங்க மிஸ்டர்," என்றார் ராமையா.

214ஐ அழுத்தினேன். முதலில் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் அந்த வெள்ளைக்காரியின் குரல், ஒரு புது மெசேஜ் இருப்பதாக. பிறகு வீராசாமி.

"சார், வீராசாமி பேசுறேன். மூணாம் நம்பர் டேங்கு. புளோவர் ஓடல. நாத்தம் தலைய சுத்துது. எறங்கலாமா வேணாமான்னு சொல்லுங்க சார். பத்து நிமிசம் பாக்குறேன்."

நான் அன்றைக்குக் கேட்டது இவ்வளவுதான். இது நிற்கவில்லை.

"சார், பத்து நிமிசம் ஆச்சு. எறங்குறேன்."

இரும்பு ஏணியில் பூட்ஸ் இறங்கும் சத்தம். டேங்குக்கு வெளியே சுவரில் மாட்டிய போன் அது, வயர் ஒரு முழம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு படியும் கேட்டது. மூச்சு கேட்டது. இருமல். "முருகா" என்று ஒரு தடவை. பிறகு சேற்றில் ஏதோ விழுந்த சத்தம்.

திவாகர் பாய்ந்து போன் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

மூச்சு நிற்கவில்லை.

அது அடங்க நான்கு நிமிஷம் ஆனது. இரண்டாவது அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். ராமையா நெற்றியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவசர மெசேஜ்தானே? பேஜர் ஏன் அடிக்கல?"

சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான், நேரமும் அதுதான். திவாகரைக் காட்டிக்கொடுக்கத் துடித்த நாக்கு, என் முறை வந்ததும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மிஷின் கோளாறு சார்," என்றேன்.

திவாகரை அந்த வாரமே வெளியே அனுப்பினார்கள். நோட்டீஸ் பலகையில் வேறு காகிதம் ஏறியது. வீராசாமி குடிக்கவில்லை, முறைப்படி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார் என்று குஞ்சம்மாவுக்குக் கடிதம் போயிற்று. அழிக்கச் சொன்னதைத் தைரியமாகச் சொன்னேனாம், என்னைப் பாராட்டினார்கள். கேன்டீனில் கைகூடக் கொடுத்தார்கள். நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

ஏனென்றால் இப்போது என் போனில் விளக்கு எரிந்தது. எடுத்தால் பேச்சு இல்லை. பதில் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவனின் மூச்சு மட்டும். ஆறு நாள் பொறுத்தேன். ஏழாம் நாள், "சரிய்யா, போறேன்! போய்ச் சொல்லித் தொலைக்கிறேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் குஞ்சம்மாவின் தோட்டத்துக்குப் போக மஸ்ஜித் தானா பஸ் ஏறினேன்.

தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டி நின்ற வீடுகளில் கடைசி வீடு. வெளியே நல்ல வெயில். குஞ்சம்மா பாய் விரித்து உட்கார வைத்தார். மகள் மூலையில் பள்ளிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பின்பக்கக் குளியல் மறைப்பில் யாரோ வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யாராவது சொந்தக்காரர் வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றேன். "பேஜர் அடிக்காததுக்கு மிஷின் காரணம் இல்ல. நான்தான். தைப்பூசத்த லீவுன்னு போட்டு வச்சிட்டேன். என்னோட தப்பு. அடிச்சிருந்தா அவரு எறங்கியிருக்கவே மாட்டாரு."

சொல்லிவிட்டேன். அழுகை முட்டியது. அவர் என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குஞ்சம்மாவின் கண்ணில் இரக்கம் ஒரு துளி இல்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார். "அவருகிட்டயே சொல்லு. குளிச்சிட்டு வந்துருவாரு."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

குஞ்சம்மா எழுந்து கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு போய், பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்து வெளியே கையை நீட்டினார். திரும்பி வந்தபோது அவர் கையில் துண்டு இல்லை.