பதினேழு குழிகள்

ஏப்ரல் 9, காலை 7.10.

வில்ஃப் பெப் பின்கதவைத் திறந்தார். மர நிழலில் நாற்பது ஃபாக்ஸ்கிளவ் பூச்செடிகள் இருந்த இடத்தில் பதினேழு குழிகள்.

போன ஜூனில் மனைவி ஈடித் விதைத்த செடிகள் அவை. அக்டோபரில் அவள் இறந்துபோனாள். முதல் வருஷம் வெறும் இலை, மறு வருஷம்தான் பூ. அவள் விதைத்த வெள்ளைப் பூவை இந்த ஜூனில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் மனுஷன் குளிர்காலத்தையே தள்ளியிருந்தார்.

8.00. கான்ஸ்டபிள் க்வென் ப்ராஸர் மண்டியிட்டுப் பார்த்தாள்.

"வரிசையா எடுக்கலியே. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு பொறுக்கியிருக்காங்க."

"பூவே வரல. எதைப் பார்த்துப் பொறுக்குவாங்க?"

மிச்சமிருந்த ஒரு செடியின் இலையைத் திருப்பினாள். காம்பில் லேசான ஊதா. மிச்சம் இருபத்து மூன்றிலும் அதேதான். குறித்துக்கொண்டாள்.

9.15. பக்கத்து வீட்டு சிரில் காஃப். மலர்க் கண்காட்சிக் கோப்பைக்காக உயிரையே விடுபவர்.

"ஈடித்தோட வெள்ளை மேல உங்களுக்கு ஒரு கண்ணாமே?"

"இல்லேங்கல. விதை கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். ஆனா ஏப்ரல்ல எது வெள்ளைன்னு யாருக்கம்மா தெரியும்? நான் திருடறதா இருந்தா பூத்தப்புறம்ல வருவேன்!"

10.30. தெருக்கோடியில் ஈடித்தின் தங்கை வின்னி. துக்க வீட்டோடு வில்ஃபிடம் பேச்சை நிறுத்தியவள். சமையலறை மேசையில், கடை விதையில் முளைத்த ஃபாக்ஸ்கிளவ் நாற்றுகளைப் பிரித்து நட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், வாளியில் எறிந்தாள்.

ப்ராஸர் அதை எடுத்தாள். காம்பில் ஊதா.

"நல்ல செடிதானே, ஏன் எறிஞ்சீங்க?"

"அது ஊதாவாப் பூக்கும், அதனால..." வின்னி சட்டென்று வாளியை மேசைக்கடியில் தள்ளினாள்.

11.00. வின்னி வீட்டுப் பின்புறம், ஹேசல் மர நிழலில் பதினேழு செடிகள். ப்ராஸர் கூட்டிவந்த வில்ஃப் பார்த்தபடி நின்றார்.

"பச்சைக் காம்பு வெள்ளையாப் பூக்கும், ஊதாக் காம்பு ஊதாவாப் பூக்கும்," என்றாள் ப்ராஸர். "திருடினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு. காஃபுக்கே தெரியல. அக்கா உங்களுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா, வின்னி?"

"ஆமா, நான்தான் எடுத்தேன்." வின்னி வெடித்தாள். "ஒவ்வொரு ஏப்ரல்லயும் அக்கா ஊதாவையெல்லாம் பிடுங்கிடுவா. பக்கத்துல நின்னா தேனீ மகரந்தத்தைக் கலந்துடும். அப்புறம் அந்த விதையில வெள்ளையே வராது. இவர் ஒண்ணைக்கூடப் பிடுங்கல!"

"அவ விதைச்சதை நான் எப்படிப் பிடுங்குவேன், வின்னி?"

"அதை என்கிட்ட சொன்னீங்களா? அவ கடைசி நாளைக்கும்தான் நீங்க எனக்குச் சொல்லி அனுப்பல. எனக்குன்னு அவளோடது வேற என்ன இருக்கு?"

வில்ஃப் குனிந்து ஒரு பச்சைக் காம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான். அம்மா, புகார் வேண்டாம்," என்றார் ப்ராஸரிடம். பிறகு தயங்கி, "வின்னி, ஜூன்ல பூக்கும்போது வந்து பார்க்கட்டுமா?"

வின்னி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜூன் வரைக்கும் தண்ணி யாரு ஊத்தறது? நாளைக்கே வாங்க."