திரை போட்ட கார்

கடப்பாவை விட்டுக் கிளம்பிச் சரியாகப் பதினெட்டு மணி நேரம் கழித்து, பகல் இரண்டு மணிக்கு, கார் பூந்தமல்லியில் வந்து நின்றது.

பெட்ரோலுக்குப் பஞ்சமான 1944ஆம் வருஷம். காரின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அந்தப் புகையில்தான் வண்டி ஓடியது. மேடு வந்தால் அதற்கும் மூச்சு வாங்கும். டிரைவர் மண்ணாங்கட்டி இறங்கிப்போய் அடுப்பைக் கிளறினான்.

பின்சீட்டில் ஷகீலா வலப்புறம், அவள் அம்மா அன்வரி பேகம் நடுவில். இடப்புறம், கதவை ஒட்டி, நாகூருக்குக் கொண்டுபோகும் நேர்ச்சைக் கூடை. ஜன்னல்களிலும் முன்சீட்டுக்குப் பின்னாலும் கறுப்புத் திரை. கோஷாப் பெண்கள் அன்னிய ஆணிடம் வாய் திறப்பதில்லை. தட்டுவார்கள். முன்சீட்டின் மரச்சட்டத்தில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. திரும்ப வேண்டுமானால் அந்தப் பக்கத்துக் கதவில் தட்ட வேண்டும்.

வெளியே மண்ணாங்கட்டியின் குரல் கேட்டது.

"மூணு வழி கீது பாய். நேரா பட்டணத்துக்குள்ள பூந்து மவுண்ட் ரோடு. இல்லாங்காட்டி போரூர் போய்ப் பரங்கிமலை. அதுவும் வாணாம்னா குன்றத்தூர் சுத்தினு பல்லாவரம். இன்னா சொல்றே?"

ஷகீலாவின் அண்ணன் உமர் ஃபாரூக் குன்றத்தூர் சாலை எப்படி என்று விசாரித்தான். மழையில் அரித்துக் கிடக்கிறது, வயசான அம்மா உடம்புக்கு அந்தக் குலுக்கல் ஆகாது என்றான் டிரைவர். அப்படியானால் போரூர், பரங்கிமலை. எக்காரணம் கொண்டும் மயிலாப்பூர்ப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்றான் உமர்.

"மயிலாப்பூர்ல மாமியார் வூடு கீதா பாய்?"

உமர் சிரிக்கவில்லை.

மயிலாப்பூரில் அவர்களுடைய சொந்த வீடு இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான 1942 ஏப்ரலில், ஒரே மணி நேரத்தில் பூட்டிவிட்டுக் கிளம்பிய வீடு. அன்று பெண்களை லாரியில் ஏற்றியவன் உமர்தான். வீட்டோடு சேர்த்து அத்தைமார், சித்திமார். தெருவில் யாரும் முகத்திரையைத் தூக்கக் கூடாது. புர்காக்களைத்தான் எண்ணினான். ஏழு வர வேண்டும், ஏழு வந்தது.

கணக்கு சரியாக இருந்ததுதான் வினை.

அம்மா அப்போது காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்தபோது, நஸ்ருன்னிசா வேறு வண்டியில் ஆற்காட்டுக்குப் போனாள், அங்கே வாந்திபேதியில் மவுத்தாகிவிட்டாள் என்று சொன்னார்கள். நஸ்ருன்னிசா ஷகீலாவின் தங்கை. பதினான்கு வயது. ஆற்காட்டுக் கதை பொய் என்பது உமருக்கும் ஷகீலாவுக்கும் மட்டும் தெரியும். அம்மாவின் இருதயம் பலவீனம், ஓர் அதிர்ச்சி போதும் என்று கடப்பா டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டைப் பார்த்தால் அம்மா கேட்பாள். கேட்டால் ஷகீலாவால் மறைக்க முடியாது.

மண்ணாங்கட்டி திரைக்கு அடியில் டீ நீட்டினான். மூன்று கிளாஸ்.

ரெண்டு பேர்தானே என்றான் உமர்.

"மூணு புர்கா பாத்தேனே பாய்."

"நல்லாப் பாரு. ஒண்ணு கூடை."

ஷகீலா மூன்றாவது கிளாஸைக் கூடைமேல் வைத்தாள். சற்றுக் கழித்துத் திருப்பிக் கொடுக்க எடுத்தாள்.

கிளாஸ் காலியாக இருந்தது.

கூடை நனைந்திருக்கவில்லை.

கார் கிளம்பியது. இரவெல்லாம் விழித்திருந்த உமர் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டான். திரைக்குள் புழுக்கம். கரிப்புகையோடு இன்னொரு வாசனையும் கலந்து வந்தது. ஈரச் சுண்ணாம்பு, தூசி, காற்றே புகாத துணி. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும்போது முகத்தில் வந்து மோதும் வாசனை.

போரூர் வந்திருக்க வேண்டும். வண்டி மெதுவானது.

டொக்.

இடப்பக்கக் கதவு. கூடை ஆடியிருக்கும் என்று ஷகீலா நினைத்துக்கொண்டாள். கார் இடப்பக்கம் திரும்பியது.

வெளியே பார்க்க வழியில்லை. பழகிய ஊரைக் காதும் மூக்கும்தான் காட்டின. முதலில் வெறும் வயல்காற்று. பிறகு நாதஸ்வரம், கற்பூர வாசனை, சிதறும் தேங்காய். வடபழனி. பரங்கிமலைக்குப் போகிறவர்கள் வடபழனிக்கு ஏன் வரவேண்டும்? ரயில்வே கேட்டில் கார் காத்து நின்றது. மாம்பலத்தை விட்டு வந்த ரயில் தடதடவென்று கடந்து போனது. பிறகு அகலமான சாலை, லாரிகளின் இரைச்சல். மவுண்ட் ரோடு. இங்கே வலப்பக்கம் திரும்பினால் சைதாப்பேட்டைப் பாலம், ஊர் முடிந்துவிடும்.

டொக்.

மறுபடியும் இடப்பக்கம்.

ஷகீலா கூடையைப் பார்த்தாள். அது ஆடவில்லை. கூடைக்கும் கதவுக்கும் இடையில் இருட்டு, கொஞ்சம் தடிப்பாக.

அம்மாவின் வலக்கை மடியில் கிடந்தது. இடக்கை அந்த இருட்டுக்குள் போயிருந்தது. கட்டைவிரல் மட்டும் மெல்ல அசைந்தது, தூங்காத குழந்தையின் புறங்கையைத் தடவிக் கொடுப்பதுபோல.

"அம்மா," என்றாள் ஷகீலா, மூச்சுக்குள்ளேயே.

"உஸ்" என்றாள் அம்மா.

காற்றில் வறுத்த காப்பிக்கொட்டை மணந்தது. அப்புறம் குளத்துப் பாசி. அதற்குப் பின்னால் கடல்.

மயிலாப்பூர்.

ஷகீலா எட்டி மரச்சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். நிறுத்து.

வண்டி தயங்கியது.

அவள் கையை எடுப்பதற்குள், அதே சட்டத்தின் இடது ஓரத்தில், நிதானமாக இரண்டு தட்டு.

வண்டி போயிற்று.

மறுபடி தட்ட அவளுக்குக் கை எழவில்லை. பள்ளிவாசல் முனையில் எப்போதும் உள்ள பள்ளம் வந்தது. சக்கரம் இறங்கி ஏறியது. இன்னும் எட்டு வீடு. ஏழு. ஆறு. அவள் எண்ண விரும்பவில்லை. உடம்பு எண்ணியது.

டொக்.

ஒரே ஒரு தட்டு.

கார் நின்றது. அடுப்பு பெருமூச்சுபோல ஒரு சத்தம் விட்டு அணைந்தது. உமர் விழித்துக்கொண்டான். வெளியே பார்த்தான். பிறகு, இங்கே ஏன் வந்தாய் என்று டிரைவரிடம் மெதுவாகக் கேட்டான்.

"நான் இன்னா பண்றது பாய்? நீ தூங்கிக்கினு இருந்தே. ஒவ்வொரு முக்குலயும் பின்னால இருந்து பீச்சாங்கைப் பக்கம் தட்டுறாங்க. இப்போ நிறுத்துன்னு தட்டுனாங்க, நிறுத்தினேன்."

உமர் திரையைப் பிடித்து இழுத்தான். ஷகீலாவைப் பார்த்தான். அவள், தான் இல்லை என்று தலையசைத்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. அம்மாவின் இடக்கை கூடைக்கு மேலே வெறும் காற்றில் மடங்கியிருந்தது. விரல்களுக்கு நடுவே இன்னொரு கைக்கு இடம் இருந்தது.

உமருக்குப் பின்னால் வீடு தெரிந்தது. கதவில் துருப்பிடித்த பூட்டு. இரண்டு வருஷத்துக்கு முன், தனியாகத் திரும்பி வந்து உள்ளே பார்த்துவிட்டு, இரண்டாம் முறையாக அவனே போட்டது.

"அம்மா, வண்டி வழி தவறிடுச்சு. இப்பவே திருப்பிடலாம்," என்றான்.

அன்வரி பேகம் முகத்திரையைத் தூக்கினாள். கண் கலங்கவில்லை. முகம் வெளுக்கவில்லை. மூச்சு ஒரே சீராக வந்தது. டாக்டர் பயந்தது எதுவும் அவளுக்கு நேரவில்லை.

"பூந்தமல்லியிலேருந்து சொல்லிக்கிட்டே வர்றா," என்றாள். "ஏழாவது புர்கா பக்கத்து வீட்டு ஜைதூன் பீயாம். தெருவுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு இவ கத்தவே இல்லையாம், தட்டிக்கிட்டே இருந்தாளாம். என் பொண்ணை உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்களாம்."