இரண்டாம் எண் விளக்கு

பனி தள்ளும் லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது போன ரோட்டில் பனி அப்படியே கிடந்தது.

ரெய்னோ கங்காஸுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவன். இப்போது மாலை ஐந்தாகப் போகிறது, டிசம்பர் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் ஓட்டிவந்த பிக்கப் வண்டியின் ஹீட்டர் சூடான ரப்பர் நாற்றத்தைக் கிளப்பி முழங்காலை மட்டும் வேகவைக்க, கால்விரல்கள் விறைத்துக் கிடக்க, பாதி கடித்துவைத்த பாஸ்டியின், அந்த இறைச்சி அடைத்த ரொட்டியின், வெங்காய வாசனை வண்டிக்குள் சுற்றிச் சுற்றி வர, வைப்பர் ஒரு பக்கம் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் டார்லீன் பனி தள்ளும் முன்தகட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். சோதனை ஓட்டம்தானே.

சோதனை விளக்குக்கு. லாரி ஓடும்போது பின்னால் பனித்தூள் கிளம்பும், சலித்த மாவை மூட்டை மூட்டையாகக் காற்றில் கொட்டியது போல. அதற்குள் எந்த விளக்கு கண்ணில் படுகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்து, இன்றைக்கே சாலை வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். லாரியின் முதுகில் மூன்று ஜோடி மாட்டியிருந்தார்கள். ஒன்று, பழைய பல்பு. இரண்டு, சூடே ஆகாத எல்.இ.டி. மூன்று, அதே எல்.இ.டி., ஆனால் கண்ணாடியைச் சூடாக்க உள்ளே கம்பி ஓடும்.

போன வருஷம் இரண்டாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தவன் ரெய்னோதான். பாட்டரியைத் தின்னாது, பத்து வருஷம் உழைக்கும். பழைய பல்பு தன் சூட்டிலேயே மேலே விழும் பனியை உருக்கிவிடும், இது உருக்காது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. "திரும்புற எடத்துல எறங்கித் தொடைங்கப்பா, கை என்ன தேஞ்சா போயிடும்?" என்று டிரைவர்களைக் கிண்டல் செய்தான். பிப்ரவரியில் கார்லா ஓயா என்ற நர்ஸ் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, பனி மூடிய விளக்கு தெரியாமல் லாரியின் முதுகில் காரோடு போய்ச் செருகிச் செத்தாள். புயல்மேல் பழியைப் போட்டுப் புதைத்துவிட்டார்கள். விளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்று மூன்றாம் எண் என்று எழுதினால் கேட்பார்கள்.

பத்து மாதமாக அந்த வெட்கத்தோடுதான் படுத்து எழுந்துகொண்டிருந்தான். அலுத்துவிட்டது. இன்னொரு முறை இரண்டு என்று எழுதிவிட்டால் போன வருஷத்து இரண்டும் சரியாகிவிடும்.

ரேடியோவை அழுத்தினான். "டார்லீன், ரெண்டாம் நம்பரைப் போடும்மா."

பதில் இல்லை, கரகரப்பு மட்டும். ஆனால் முன்னால் விளக்கு மாறியது. மஞ்சளும் பச்சையுமாக மாறி மாறி வெட்டியது. நன்றாகத்தான் தெரிந்தது.

"போதும். அதையே எழுதிடறேன்."

விளக்கு மங்க ஆரம்பித்தது. முதலில் பச்சை, பிறகு மஞ்சள். டயருக்கடியில் பனி பொருமிற்று. தகடு ரோட்டைச் சுரண்டும் சத்தம் இல்லை. லாரி எஞ்சினின் உறுமல் இல்லை. எப்போதிருந்து இல்லை என்று யோசித்தான், பிடிபடவில்லை.

"யோவ் ரெய்னோ!" ரேடியோ திடீரென்று அலறியது. "எவ்ளோ நேரமாக் கத்தறேன், காதுல என்ன பாஸ்டியா அடைச்சிருக்கு? எங்கய்யா இருக்க?"

"உன் பின்னாடிதான்."

"என் பின்னாடி காப்பி கெட்டில்தான் இருக்கு. சர்ச் திருப்பத்துலயே திரும்பிட்டேன்னு சொன்னேன்ல? ஷெட்டுக்கு வந்து பூட்ஸக்கூடக் கழட்டியாச்சு."

"அப்ப... எனக்கு முன்னாடி போறது?"

கிண்டல் போன குரலில் அவள் சொன்னாள்: "அந்த ரோட்டுக்கு இன்னிக்கு என் லாரி ஒண்ணுதான். நீ தூங்கி வழியற. நின்ன எடத்துலயே நில்லு, நான் வரேன். உன் கூரை வெளக்கப் போட்டு வை, இல்லன்னா உன்மேலயே ஏத்திடுவேன்."

பிரேக்கை மிதித்தான். முன்னால் இருந்த விளக்கும் நின்றது. அதன்மேல் பனி படிந்துகொண்டே போய், ஒரு அழுக்கு மஞ்சள் புள்ளியாகச் சுருங்கி, அணைந்தது.

இருட்டு. வைப்பரும் நின்றுவிட்டது.

கூரை விளக்குக்குச் சுவிட்சைப் போட்டான். வெளியே பனியில் ஒரு துளி நிறம்கூட விழவில்லை. அதுவும் இரண்டாம் எண்தான். காலையிலிருந்து அவன் அதைத் துடைக்கவில்லை.

இறங்கினான். பனி முழங்காலளவு. கூரையைத் தடவினான். விளக்கு இருந்த இடத்தில் கல் மாதிரி பனிக்கட்டி. நகத்தால் சுரண்டினான். கையுறையைக் கழற்றிவிட்டுச் சுரண்டினான். நகம் பிய்ந்தது. வலிக்கவில்லை.

பின்னால் வெளிச்சம்.

அதற்குள்ளாகவா? இருக்காது. ஷெட் பத்து மைல்.

லாரி விளக்கு உயரத்தில் இருக்கும். இது தாழ்வாக வந்தது. சின்னக் கார். சத்தம் இல்லை. ஒரு கண் மட்டும் எரிந்தது.

திறந்து கிடந்த கதவு வழியாகக் கையை விட்டு ரேடியோவைப் பிடுங்கினான். "டார்லீன், மூணுன்னு எழுது! கேக்குதா? வெளக்குதான் அவளைக் கொன்னுச்சு. வெளக்கு இல்ல. நான். நான்தான்!"

கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை.

கார் அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இல்லை. கதவு திறந்தது. வெளிர்நீல நர்ஸ் உடை. மருத்துவமனை சோப்பின் வாசனை, அதற்கடியில் இரும்பு வாசனை. அவள் பனியில் புதையாமல் நடந்து வந்தாள்.

ஓட நினைத்தான். கால் வரவில்லை. கத்த நினைத்தான். வாய் திறக்கவில்லை. முகத்தில் பனி விழுந்தது. இமையில், கன்னத்தில், உதட்டில். விழுந்த பனி உருகவில்லை.

தூரத்தில் டார்லீனின் லாரி. தகடு ரோட்டைச் சுரண்டிக்கொண்டு வரும் சத்தம். பெரிதாகிக்கொண்டே வந்தது. வேகம் குறையவில்லை.

கார்லா சட்டைக்கையை உள்ளங்கைக்கு இழுத்துக்கொண்டாள். அவனுடைய இடது கண்ணைத் துடைத்தாள். பிறகு வலது கண்ணை. பொறுமையாக, ஓரம்கூட விடாமல்.

மறுபடி பனி மூடியது. அவள் மறுபடி துடைத்தாள்.